அலெக்ஸாண்ட்ரா பேலஸ் டெலிவிஷன், 1936 முதல் 1939 வரை: அந்தக் காசுக்கு அது தகுமா?

டிவி வரலாறுன்னு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் நேரா "யாரு முதல்ல கண்டுபிடிச்சா"ங்கிற சண்டைக்குத்தான் போறாங்க, பிரிட்டன்ல பேர்டா, அமெரிக்காவுல ஃபார்ன்ஸ்வொர்த்தா, ஸ்வோரிகினான்னு. எனக்கு அதவிட இன்னொரு கேள்விதான் முக்கியமா படுது. கையில காசு இருந்த ஒரு லண்டன்காரர் கடைக்குப் போய் ஒரு செட் வாங்கிட்டு வந்து ஹால்ல வச்சாருன்னா, சாயங்காலம் அவருக்கு என்ன கெடச்சுது, போட்ட காசு தகுமா? இத பேசுறவங்க கம்மி. அதனால போருக்கு முன்னாடி பிபிசி நடத்தின டெலிவிஷன ஒரு சர்வீஸாவே எடுத்துக்கிட்டு, விலை, படம், நிகழ்ச்சி, சிக்னல், கம்பெனிக்காரன் கடைசி வரைக்கும் கூட நின்னானா இல்லையான்னு எல்லாத்தயும் பாத்து ஒரு ரிவ்யூ எழுதுறேன்.

என் முடிவ முன்னாடியே சொல்லிடுறேன். இந்த சர்வீஸோட மதிப்பு படத்துல எத்தன லைன் (படத்த உண்டாக்குற கோடுங்க, கூடக் கூட படம் தெளிவு) இருந்துச்சுங்கிறதுல இல்ல. வேற எங்கயோ நடக்குறத நடக்குற அதே நேரத்துல வீட்ல உக்காந்து பாக்குறதுலதான் இருந்துச்சு. அது எப்பல்லாம் சரியா கெடச்சுதோ அப்பல்லாம் இது உலகத்துலயே வேற எங்கயும் கெடைக்காத சரக்கு. கெடைக்காதப்போ, சுமாரான சினிமாவ ரொம்பக் காசு குடுத்துப் பாத்த கணக்குத்தான்.

முதல்ல பழைய மாடலப் பாத்துடுவோம். 1930ல "டெலிவைசர்"னு ஒரு பெட்டி விற்பனைக்கு வந்துச்சு, பேரு பேர்ட் கம்பெனியோடது, செஞ்சு குடுத்தது பிளெஸ்ஸிங்கிற கம்பெனி, விலை 25 கினி. ஒரு கினின்னா 21 ஷில்லிங், பவுண்ட விட ஒரு ஷில்லிங் கூட. உள்ள ஒரு பெரிய தட்டு சுத்திக்கிட்டே இருக்கும், அதுல சுருள் மாதிரி வரிசையா 30 ஓட்டை (ஓட்டைக்கு ஒரு லைன்), தட்டுக்குப் பின்னாடி ஒரு நியான் லாம்ப், ரேடியோ சிக்னல் ஏறி எறங்குறதுக்கு ஏத்த மாதிரி லாம்ப் கூடிக் கொறைஞ்சு எரியும், ஓட்டைங்க ஒண்ணொண்ணா அதுக்கு முன்னாடி கடந்து போறப்போ கண்ணு எல்லாத்தயும் சேத்து ஒரு படமா எடுத்துக்கும். செகண்டுக்கு பன்னெண்டரை படம்தான். அதனால கண்ணுல மினுமினுன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். படம் கறுப்பு வெள்ளை கூட கெடையாது, நியான் கலரான ஆரஞ்சுதான். உயரம் சுமார் ரெண்டு அங்குலம், அகலம் அதுல பாதி கூட இல்ல, முன்னாடி வச்ச லென்ஸ் வழியா ஒருத்தர், மிஞ்சிப்போனா ரெண்டு பேரு குனிஞ்சு பாக்கலாம். நடுவுல படம் நழுவிப் போச்சுன்னா குமிழத் திருகி திரும்பப் பிடிச்சு நிறுத்தணும்.

இதுக்கு சிக்னல் வந்தது சாதாரண மீடியம் வேவ்லதான். 1929 செப்டம்பர் 30ந் தேதி பிபிசி டிரான்ஸ்மிட்டர் வழியா பேர்ட் கம்பெனியோட சோதனை ஒளிபரப்பு ஆரம்பிச்சப்போ கையில இருந்தது ஒரே டிரான்ஸ்மிட்டர், அதனால படத்தையும் சத்தத்தையும் ஒண்ணா அனுப்ப முடியல, ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் இன்னொண்ணு. ஒருத்தர் வாயசைக்கிறத சத்தமே இல்லாம பாக்கணும், அவரு குரல தனியா கேக்கணும். 1930 மார்ச்ல லண்டன் பக்கத்துல புரூக்மன்ஸ் பார்க்குல ரெண்டு டிரான்ஸ்மிட்டர் தயாரானப்புறம்தான் ரெண்டும் சேந்து வந்துச்சு. அப்பவும் படத்துக்கு ஒரு ரேடியோ, சத்தத்துக்கு ஒரு ரேடியோன்னு வீட்ல ரெண்டு செட் வேணும். நேரமும் நல்ல நேரம் இல்ல, பிபிசி வழக்கமான நிகழ்ச்சி எதுவும் போகாத நேரத்துல முதல்ல காலையில அரை மணி, பின்னாடி பெரும்பாலும் ராத்திரி 11 மணிக்கு மேல.

30 லைன்னா ஏன்னு கேக்கலாம். பேர்டுக்கு அதுக்கு மேல தெரியாதுன்னு சிலர் எழுதுறாங்க, அது தப்பு. மீடியம் வேவ்ல ஒரு ஸ்டேஷனுக்கு ஒதுக்கின எடம் ரொம்பக் குறுகல், அது பேச்சுக்கும் பாட்டுக்கும்னு அளந்து குடுத்தது, அதுக்குள்ள அடங்குற அளவுக்குத்தான் படத்த சுருக்கியாகணும். அந்த நெருக்கடியிலயும் 1932 ஆகஸ்ட்ல இருந்து பிபிசியே நிகழ்ச்சி தயாரிப்ப எடுத்துக்கிட்டப்போ யூஸ்டஸ் ராப்னு ஒரு தயாரிப்பாளர் பிராட்காஸ்டிங் ஹவுஸ் ஸ்டூடியோவுல செஞ்ச வேலைய நெனச்சா எனக்கு உண்மையிலேயே மரியாதையா இருக்கு. ஸ்டூடியோ முழுக்க இருட்டு, ஒரே ஒரு ஒளிக்கத்தை மட்டும் ஆடுறவங்க மேல ஓடிக்கிட்டே இருக்கும், முகத்துக்கு வெள்ளை பூசி கண்ணையும் உதட்டையும் கருநீலத்துல அழுத்தி வரைஞ்சாத்தான் அந்தப் பக்கம் முகமா தெரியும், அந்த இருட்டுக்குள்ள பாலே ஆட வச்சிருக்காரு மனுஷன். 1933ல யாரோ ஒருத்தர் வீட்ல இருந்துக்கிட்டு அந்த சிக்னல ஒரு தட்டுல பதிவு பண்ணி வச்சிருந்தாங்க, வரிசையா நின்னு கால் தூக்கி ஆடுற பொண்ணுங்க. ரொம்ப வருஷம் கழிச்சு டொனால்ட் மெக்லீன்ங்கிற இன்ஜினியர் அத கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணி மீட்டாரு. அதப் பாத்தா 30 லைன்லயும் மனுஷங்க அசையுற அழகு தெரியுதுன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா வாங்குறவர் கணக்குல பாத்தா 1935 செப்டம்பர் 11ந் தேதி 30 லைன் ஒளிபரப்ப நிறுத்திட்டாங்க, அதோட டெலிவைசர் வேலைக்கு ஆகாத பெட்டி. சொந்தமா ரேடியோ பூட்டத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல விளையாட்டு, குடும்பத்துக்கு வேணாம்.

இனி மெயின் விஷயம். 1934 மே மாசம் செல்ஸ்டன் பிரபு தலைமையில அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டுச்சு, 1935 ஜனவரியில அறிக்கை வந்துச்சு. குறைஞ்சது 240 லைன், செகண்டுக்கு 25 படம், நடத்த வேண்டியது பிபிசி, முதல்ல லண்டன், பேர்ட் சிஸ்டம், மார்கோனி இஎம்ஐங்கிற போட்டிக் கம்பெனியோட சிஸ்டம் ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க, செலவுக்கு ரேடியோ லைசென்ஸ் பணத்துலயே எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. இதுல வாங்குறவருக்கு ஒரு பெரிய லாபம் இருந்துச்சு, அந்தக் காலம் முழுக்க டிவிக்குன்னு தனி லைசென்சே கெடையாது, ரேடியோவுக்குக் கட்டுற வருஷம் 10 ஷில்லிங்லயே எல்லாம் முடிஞ்சுது. செட் வாங்குறதுதான் செலவு, அதுக்கப்புறம் சர்வீஸ் ஏறக்குறைய இலவசம்.

எடம் வடக்கு லண்டன்ல ஒரு குன்று மேல இருந்த அலெக்ஸாண்ட்ரா பேலஸ். பேரக் கேட்டா ராஜா வாழ்ந்த அரண்மனைன்னு தோணும், ஆனா அது 1870கள்ல பொதுமக்கள் பொழுதுபோக்குக்குன்னு கட்டினது. அதோட கிழக்குப் பகுதிய பிபிசி வாடகைக்கு எடுத்து மேல ஆன்டெனா மாஸ்ட் நட்டாங்க. குன்று எதுக்குன்னா, இத்தன லைன் உள்ள படத்துக்கு அகலமான எடம் வேணும், அது மீடியம் வேவ்ல கெடைக்காது, அதனால படம் 45 மெகாஹெர்ட்ஸ், சத்தம் 41.5 மெகாஹெர்ட்ஸ்னு மேல போனாங்க. இந்த அலைங்க பூமியோட வளைவத் தாண்டி தூரமா போகாது, கண்ணுக்கெட்டுற தூரம்தான், அதனால டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. அப்படியும் நம்பிச் சொல்லக்கூடிய தூரம் சுமார் 25 மைல்தான். அதத் தாண்டியும் பாத்தவங்க இருக்காங்க, ஆனா மான்செஸ்டர்லயோ கிளாஸ்கோவுலயோ இருக்குறவர் செட் வாங்கியிருந்தா பணம் தண்டம். நாட்டு ஜனத்துல பெரும்பகுதிக்கு இந்த சர்வீஸே கெடையாது, இது நான் மார்க் கொறைக்கிற முதல் எடம்.

1936 நவம்பர் 2ந் தேதி மதியம் 3 மணிக்கு முறைப்படி ஆரம்பம். எந்த சிஸ்டம் முதல்லன்னு காசு சுண்டிப் பாத்ததுல பேர்டுக்கு விழுந்துச்சு. பேச்சு எல்லாம் முடிஞ்சு அடெல் டிக்சன் பாடுறாங்க, அமெரிக்காவுல இருந்து வந்த பக் அண்ட் பபிள்ஸ் ஜோடி ஆட்டம் பாட்டம், அப்புறம் அதே நிகழ்ச்சிய மறுபடியும் மொதல்ல இருந்து மார்கோனி இஎம்ஐ சிஸ்டத்துல. அன்னிலேருந்து வாரம் ஒரு சிஸ்டம்னு மாறி மாறிப் போச்சு. தினம் ரெண்டே மணி நேரம், 3ல இருந்து 4, ராத்திரி 9ல இருந்து 10, ஞாயித்துக்கிழமை லீவு.

இந்த ரெண்டு சிஸ்டம் போட்டிய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் முன்னாடி சொன்ன நேரலை விஷயம் இங்கதான் நல்லா புரியும்.

பேர்ட் பக்கம் 240 லைன். அறிவிப்பு பண்றவங்களுக்கு பழைய மாதிரி இருட்டு அறை, ஓடுற ஒளிக்கத்தை. பெரிய நிகழ்ச்சிக்கு அவங்க வச்ச வழிதான் ஆச்சரியமானது. ஆடுறத முதல்ல சினிமா ஃபிலிம்ல எடுப்பாங்க, அந்த ஃபிலிம் கேமராவுல இருந்து நேரா கீழ இருக்குற ரசாயனத் தொட்டிக்குள்ள ஓடும், டெவலப் ஆகும், கழுவும், ஈரம் காயுறதுக்கு முன்னாடியே ஸ்கேனர்ல போயி ஒளிபரப்பாகும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள. அவசரத்துக்கு சீக்கிரம் வேலை செய்யணும்னு சயனைடு கலந்த ரசாயனம் பயன்படுத்துனாங்க, ஆளுங்க அதுக்குப் பக்கத்துலயே நின்னு வேலை பாத்தாங்க. சத்தமும் அதே ஃபிலிம்லதான் பதிவாகி அதே தண்ணிக்குள்ள போய் வந்துச்சு, அதனால சில நேரம் பேச்சோட சேந்து குமிழ் சத்தமும் வரும். அந்தக் கேமராவ எங்கயும் நகத்த முடியாது, தொட்டியோட சேத்து கண்ணாடி அறைக்குள்ள பொருத்தி வச்சது, நடிகர்தான் அதுக்கு முன்னாடி வந்து நிக்கணும். இன்ஜினியரிங்கா பாத்தா இவ்வளவு சிக்கலான ஒண்ண தினம் ஓட வச்சதே சாதனை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வீட்ல பாக்குறவருக்கு வந்தது ஒரு நிமிஷத்துக்கு முந்தின சினிமா.

இந்தப் பக்கம் ஐசக் ஷோன்பெர்க் தலைமையில இஎம்ஐ குழு. அவரு ரஷ்யப் பேரரசுல பின்ஸ்க் ஊர்ல பொறந்து இங்கிலாந்துக்கு வந்தவரு. குழுவுல ஆலன் பிளம்லைன், மெக்கீ, டெட்ஹம், பிரவுன், வைட்னு ஒருத்தரை விட ஒருத்தர் கெட்டிக்காரங்க. அவங்க செஞ்ச எமிட்ரான் கேமராவுல சுத்துற பொருளே எதுவும் கெடையாது. ஒரு கண்ணாடிக் குழல், உள்ள ஒரு தகடு, அதுல லட்சக்கணக்கான சின்னச் சின்ன வெளிச்சம் உணர்ற புள்ளிங்க, ஒவ்வொரு புள்ளியும் தன் மேல விழுற வெளிச்சத்த மின்னூட்டமா சேத்து வச்சுக்கிட்டே இருக்கும், எலெக்ட்ரான் கத்தை வந்து தொடுறப்போ மொத்தமா குடுத்துடும். சேத்து வைக்கிறதுதான் இதுல சூட்சுமம், அதனாலதான் பகல் வெளிச்சத்துல வெளிய கூட படம் எடுக்க முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி அவங்களே 243 லைன்ல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவங்க, கமிட்டி கேட்டதே 240தான், அதோட நிறுத்தியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஷோன்பெர்க் ஒரே தாவா 405க்குத் தாவுனாரு. ஒரு படத்த ரெண்டு பாதியா பிரிச்சு செகண்டுக்கு 50 தடவை காட்டுற முறை வேற, அதனால மினுமினுப்பு நல்லா கொறைஞ்சுது. என்னைக் கேட்டா இந்த மொத்த வரலாறுலயும் ரொம்பத் துணிச்சலான முடிவு இதுதான். எவ்வளவு தொலைநோக்கான முடிவுன்னு கடைசியில சொல்றேன்.

ரெண்டு சிஸ்டம் ஓடுனதுல அடி வாங்குனது செட் வாங்குனவங்கதான். ஒரே பெட்டி ரெண்டையும் காட்டணும்னா உள்ள ரெண்டுக்கும் ஏத்த மாதிரி சுவிட்சும் சர்க்யூட்டும் வேணும், விலை ஏறுது. 1936 கடைசியில நல்ல செட் ஒண்ணு ஏறக்குறைய 100 கினி. அதே காலத்துல ஃபோர்டோட சின்ன கார் 100 பவுண்டுக்கு விக்குது, ஒரு தொழிலாளியோட வாரச் சம்பளம் 3 பவுண்ட் சொச்சம். தினம் ரெண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு கார் விலை குடுக்கணும்னா பணக்காரங்க மட்டும்தான் வாங்க முடியும், அவங்க மட்டும்தான் வாங்குனாங்க. 1936 நவம்பர்ல என்கிட்ட யாராவது கேட்டிருந்தா ஆறு மாசம் பொறுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

அந்த நவம்பர் 30ந் தேதி ராத்திரி தெற்கு லண்டன்ல இருந்த கிரிஸ்டல் பேலஸ்ங்கிற பெரிய கண்ணாடி மண்டபம் தீப்பிடிச்சு எரிஞ்சுது, பேர்ட் கம்பெனியோட சோதனைக்கூடம் அங்கதான் இருந்துச்சு, பெரும்பகுதி போச்சு. ஆனா தீயால தோத்தாங்கன்னு சொல்றது சரி இல்ல, போட்டி அதுக்கு முன்னாடியே ஸ்டூடியோவுல முடிவாயிடுச்சு. 1937 ஜனவரி 30 பேர்ட் சிஸ்டத்துக்குக் கடைசி நாள், பிப்ரவரியில இருந்து மார்கோனி இஎம்ஐ மட்டும். பேர்ட் தோத்தது நியாயமான தோல்விதான். அதே சமயம் 1926 ஜனவரி 26ந் தேதி சோஹோவுல ஃப்ரித் தெரு மாடி அறையில ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆளுங்கள வரவழைச்சு அந்த மனுஷன் அசையுற முகத்தக் காட்டலன்னா, பிரிட்டன்ல இவ்வளவு சீக்கிரம் ஒரு கமிட்டியே உக்காந்திருக்காதுன்னு நான் நம்புறேன். அந்த இடம் அவருக்கு எப்பவும் உண்டு.

ஸ்டூடியோ நிகழ்ச்சிங்க எப்படி? கலவைதான். ஸ்டூடியோ 70 அடி நீளம் 30 அடி அகலம், அதுக்குள்ளயே நாடகம், பாலே, ஆர்கெஸ்ட்ரா, எல்லாம். எமிட்ரானுக்கு வெளிச்சம் நெறைய வேணும், அதனால உள்ள சூடு தாங்காது. கேமராமேன் பாக்குற கண்ணாடியில படம் தலைகீழாத் தெரியும், அத வச்சுத்தான் ஆள தொடரணும். ஒரு கேமராவுல இருந்து இன்னொண்ணுக்கு டக்குன்னு வெட்ட முடியாது, மெதுவா கரைஞ்சு மாறும், அதுக்கே சில செகண்ட் ஆகும். படத்துல ஒரு பக்கம் இருட்டு கட்டுறது எமிட்ரானோட பிறவிக் குணம், ஒரு இன்ஜினியர் உக்காந்து குமிழத் திருகித் திருகி அத சமன் பண்ணிக்கிட்டே இருக்கணும். இவ்வளவும் நேரலையில. தப்பு நடந்தா நடந்ததுதான், திரும்ப எடுக்குறதுக்கு வழியே கெடையாது, பதிவு பண்ற வசதியே இல்ல. ஒரு நாடகத்த மறுபடி போடணும்னா நடிகருங்க திரும்ப வந்து மொதல்ல இருந்து நடிக்கணும்.

இதுல எனக்குப் பிடிச்சது பிக்சர் பேஜ். செசில் மேடன் தயாரிப்பு. ஜோன் மில்லர்னு ஒரு நடிகை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகை முன்னாடி உக்காந்து, கால் இணைக்கிற மாதிரி ஒவ்வொரு விருந்தாளியா திரையில இணைப்பாங்க. நடிகர், விமானி, தெருவுல தொழில் பண்றவங்கன்னு யாரு வேணாலும் வருவாங்க. மார்செல் புலெஸ்டின்னு ஒரு பிரெஞ்சு சமையல்காரர் 1937 ஜனவரியில இருந்து கேமரா முன்னாடி சமைச்சாரு, மிடில்டன்ங்கிற தோட்டக்கலைக்காரர் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் தோட்டத்துலயே செடி வளத்துக் காட்டுனாரு. இன்னிக்கு எந்த சேனல் போட்டாலும் வர்ற சமையல், தோட்டம், பேட்டி, வினாடி வினா எல்லாத்துக்கும் வழி இங்கதான் போட்டாங்க. ஜாஸ்மின் பிளை, எலிசபெத் கோவெல், லெஸ்லி மிட்செல் மூணு அறிவிப்பாளரும் நல்ல தெளிவு. குறைன்னா சினிமா. படக் கம்பெனிங்களுக்கு டிவின்னாலே ஆகல, புதுப் படம் குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க, செய்திப் படமும் கார்ட்டூனும் பழைய சரக்கும்தான் கெடச்சுது.

இப்ப உண்மையான திருப்பம். 1937 மே 12, ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு ஊர்வலம். தேவாலயத்துக்குள்ள டிவி கேமராவ விடல, அதனால ஹைட் பார்க் கார்னர்ல மூணு எமிட்ரான வச்சாங்க. அங்கேருந்து அலெக்ஸாண்ட்ரா பேலஸ் வரைக்கும் படத்த கொண்டு போக மண்ணுக்கு அடியில தனியா கேபிள், அதுக்குன்னே ஒரு பெரிய வேன்ல மொத்த கட்டுப்பாட்டு அறை. மழை வேற. ஃப்ரெட்டி கிரைஸ்வுட் வர்ணனை சொல்றாரு, குதிரை வண்டி கேமராவுக்கு முன்னாடி கடந்து போறத ஆயிரக்கணக்கான பேரு தெருவுல நிக்காமலேயே அதே நிமிஷத்துல பாக்குறாங்க. ஃபிலிம் தொட்டிய வச்சுக்கிட்டு இத பண்ணியிருக்கவே முடியாது. இந்த ஒரு நாளுக்கு அப்புறம்தான் டிவி செட்டு பணக்காரங்க வீட்டு வேடிக்கைப் பொருளா இல்லாம வேணும்னு ஆசப்படுற பொருளா மாறுச்சுன்னு எனக்குப் படுது.

அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. அடுத்த மாசமே விம்பிள்டன். 1938 ஏப்ரல்ல எஃப்ஏ கப் ஃபுட்பால் ஃபைனல், பிரெஸ்டனும் ஹடர்ஸ்ஃபீல்டும், கூடுதல் நேரத்தோட கடைசி நிமிஷத்துல ஜார்ஜ் மட்ச் பெனால்டி அடிச்சு 1-0ன்னு முடியுது. முடிவு தெரியாம அந்தப் பெனால்டிய வீட்ல உக்காந்து பாத்திருக்காங்க பாருங்க, அதுக்கு எவ்வளவு காசு வேணாலும் குடுக்கலாம். அந்த வருஷம் ஜூன்ல லார்ட்ஸ்ல இங்கிலாந்து ஆஸ்திரேலியா டெஸ்ட். செப்டம்பர் 30ந் தேதி ஹெஸ்டன் விமான நிலையத்துல பிரதமர் சேம்பர்லின் மியூனிக்ல இருந்து வந்து இறங்கி ஹிட்லர் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்த ஆட்டிக் காட்டுறாரு, அதுவும் நேரலை. மறுநாள் பேப்பர்ல படிக்கிறதுக்கு முன்னாடி, சினிமா கொட்டகையில செய்திப் படம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு சில ஆயிரம் குடும்பம் அத நேர்ல பாத்த மாதிரி பாத்தாச்சு. 1939 பிப்ரவரியில பூன், டனஹர் குத்துச்சண்டைய லண்டன் தியேட்டருங்கள்ல பெரிய திரையிலயே போட்டாங்க, டிக்கெட் வாங்கி உக்காந்து பாத்திருக்காங்க.

செட் எது வாங்கலாம்? அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் ரொம்ப நீளம், படுக்க வச்சா பெட்டி சுவத்த விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால எச்எம்வி, மார்கோனிஃபோன் பெரிய செட்டுங்கள்ல டியூப செங்குத்தா நிக்க வச்சு, மேல் மூடியத் தொறந்தா அதுல இருக்குற கண்ணாடியில படம் தெரியுற மாதிரி செஞ்சாங்க. 12 அங்குல டியூப், நாலஞ்சு பேரு வசதியா உக்காந்து பாக்கலாம். ஒரே சிஸ்டம்னு ஆனதும் 1937லயே இந்த மாதிரி செட் 60 கினி அளவுக்கு எறங்கிடுச்சு. 1938, 39ல சின்னத் திரை செட்டு 30 கினிக்கும் கீழ வந்துச்சு, ஆனா 5 அங்குலப் படத்துல ஃபுட்பால் பாக்குறது கண்ணுக்கு வேதனை, கடன் வாங்கியாவது பெருசுதான் வாங்கணும். ரோட்டோரம் வீடுன்னா ஒரு தொல்லை உண்டு. கார் எஞ்சின்ல வர்ற தீப்பொறி இந்த அலைவரிசையில நல்லா புகுந்துடும், வண்டி ஒண்ணு கடந்து போற ஒவ்வொரு தடவையும் படம் முழுக்க வெள்ளைப் புள்ளியா தெறிக்கும். இதுக்கு செட்ட குத்தம் சொல்ல முடியாது, இருந்தாலும் வாங்குறவங்க தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் சர்வீஸ் நின்ன விதம். 1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மிக்கி மவுஸ் கார்ட்டூன் ஓடி முடிஞ்சுது, கொஞ்ச நேரம் டெஸ்ட் சிக்னல், அவ்வளவுதான், ஒரு அறிவிப்பு கூட இல்லாம நிறுத்திட்டாங்க. கார்ட்டூன் பாதியில அறுந்துச்சுன்னு நெறைய எடத்துல எழுதியிருக்கு, அது உண்மை இல்ல, முழுசா ஓடுச்சு. நிறுத்துனதுக்குக் காரணம் நியாயமானது. குன்று மேல இருந்து வர்ற அந்த சிக்னல் எதிரி விமானத்துக்கு வழிகாட்டியா ஆயிடலாம், அதவிட முக்கியம் அந்த இன்ஜினியருங்க ராடார் வேலைக்குத் தேவைப்பட்டாங்க. பை (Pye) கம்பெனி டிவிக்குன்னு செஞ்சு வச்சிருந்த 45 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் பகுதி அப்படியே விமான ராடாருக்குள்ள போச்சு. 1941ல ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களோட வழிகாட்டும் அலையக் குழப்புறதுக்கு அலெக்ஸாண்ட்ரா பேலஸ் டிரான்ஸ்மிட்டரையே பயன்படுத்துனாங்க. எமிட்ரான் குழுவுல இருந்த பிளம்லைன் 1942 ஜூன்ல ராடார் சோதனை விமானம் விழுந்ததுல செத்துட்டாரு, வயசு 38.

அன்னிக்கு தேதியில வித்திருந்தது சுமார் 20,000 செட்டு. 1939 கோடையில 12 அங்குல செட் வாங்குன குடும்பத்துக்கு சில வாரம்தான் நிகழ்ச்சி கெடச்சிருக்கும், அப்புறம் ஏழு வருஷம் பெட்டி சும்மா. இத வச்சு மட்டும் பாத்தா மோசமான முதலீடுன்னு சொல்லத் தோணும். ஆனா 1946 ஜூன் 7ந் தேதி அதே அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல இருந்து, அதே 405 லைன்ல, அதே அலைவரிசையில திரும்ப ஆரம்பிச்சாங்க, ஜாஸ்மின் பிளையே வந்து வரவேத்தாங்க, அந்த மிக்கி மவுஸ் கார்ட்டூனையும் திரும்பப் போட்டாங்க. டியூபும் வால்வும் நல்லா இருந்தா போருக்கு முந்தின செட்ட தூசி தட்டி பிளக்குல சொருகினா படம் வந்துச்சு. 405 லைன் ஒளிபரப்பு 1985 ஜனவரி வரைக்கும் பிரிட்டன்ல ஓடுச்சு. ஷோன்பெர்க் 1935ல எடுத்த முடிவு அம்பது வருஷம் தாங்கியிருக்கு, எனக்குத் தெரிஞ்சு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் வாங்குனவனுக்கு இவ்வளவு நாள் கூட நின்னதில்ல. இதுக்காகவே கொறைச்ச மார்க்க திரும்பப் போடுறேன்.

மார்க்குன்னா இப்படித்தான் போடுவேன்: 30 லைன் டெலிவைசருக்கு 5க்கு 2, ரெண்டு சிஸ்டம் ஓடுன மூணு மாசத்துக்கு 5க்கு இரண்டரை, 1937 மே மாசத்துல இருந்து 1939 ஆகஸ்ட் வரைக்கும் லண்டன்ல இருந்தா 5க்கு நாலரை. அரை மார்க் ஏன் கொறைச்சேன்னா, ஒண்ணையும் பதிவு பண்ணி வைக்கல. அப்ப வசதி இல்லதான், ஆனா இழப்பு இழப்புதான். விளக்கப் படமா ஃபிலிம்ல எடுத்தது கொஞ்சம் இருக்கு. அத விட்டா, 1938ல அலை வானத்துல பட்டு எதிரொலிச்சு அட்லாண்டிக்கத் தாண்டி நியூயார்க் வரைக்கும் போயி, அங்க ஆர்சிஏங்கிற அமெரிக்கக் கம்பெனி இன்ஜினியருங்க திரைய ஃபிலிம்ல பிடிச்ச சத்தமில்லாத நாலு நிமிஷம் இருக்கு. இணையத்துல தேடுனா கெடைக்கும், முதல்ல அதப் பாருங்க.

நேர்ல பாக்கணும்னா மாஸ்ட் இன்னும் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் மேல நிக்குது, பழைய டெலிவைசரும் எமிட்ரான் கேமராவும் பிராட்ஃபோர்ட்ல இருக்குற தேசிய அறிவியல் ஊடக மியூசியம் மாதிரி எடங்கள்ல இருக்கு. பழைய செட்ட சொந்தமா வாங்க நெனைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஏலத்துல கெடச்சா சந்தோஷம், ஆனா கொண்டு வந்த உடனே கரண்ட் குடுத்துடாதீங்க. அந்தக் கால செட்டுங்கள்ல டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் நேரா மெயின் டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து வரும், தொட்டா ஆளயே கொன்னுடும், பழைய கண்டென்சருங்களும் நம்ப முடியாது. தெரிஞ்ச ரெஸ்டோரர் கையில குடுங்க. இன்னிக்கு சிக்னல 405க்கு மாத்தித் தர்ற கன்வெர்ட்டர் பெட்டி கெடைக்குது, அத சேத்து வாங்கணும், இல்லன்னா செட்டு ஓடுனாலும் காட்டுறதுக்கு எதுவும் இருக்காது. டெலிவைசரா 12 அங்குலக் கண்ணாடி மூடி செட்டான்னு கேட்டா, நான் கண்ணாடி மூடிக்குத்தான் காச எடுத்து வைப்பேன்.